மடித்து வைத்த துணி

சித்தி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கசங்கிய துணியைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியின் துண்டைக்கூட மடித்துக் கொடுத்திருக்கிறார்.

சித்தப்பா போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன், எனக்கு அண்ணன் முறை, மாடி அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதாக ஒரு செயலியில் போட்டுவிட்டார். மாடிப்படியில் ஒரு காலடி கேட்டால் போதும் என்றிருந்தது சித்திக்கு.

வந்தவர்களும் ஆள் இருக்கும் வீடு என்றுதான் வந்தார்கள். கதவைத் திறந்ததும், "சாப்பிட்டியா?" என்பார் சித்தி, பாஷை புரியாவிட்டால் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டுவார். கிளம்புவதற்குள் அவர்களுடைய குடும்பக் கதை முழுக்க அவருக்குத் தெரிந்திருக்கும்.

"விட்டா அவங்களுக்குக் கல்யாணமே பண்ணி வச்சிடுவீங்கம்மா," என்று அண்ணன் போனில் சிரிப்பார்.

தங்கிப் போனவர்கள் செயலியில் வேற்றுமொழியில் எழுதும் கருத்துகளை வாசித்துச் சொல்வது என் வேலை.

ஒருமுறை தனியாக ஒரு பெண் வந்தாள். அவள் வெளியே போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்த மாடிக்குப் போன சித்தி, கட்டிலில் இறைந்து கிடந்த துணிகளைப் பார்த்தார். உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் மடித்து, ஓரம் பிசகாமல் அடுக்கிவிட்டு வந்தார். அந்தப் பெண் திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. விடிந்ததும் கிளம்பிவிட்டாள்.

"என்ன எழுதியிருக்கா? திட்டியிருந்தா அதையும் படி, வடிகட்டாதே."

படித்தேன். "நான் இல்லாதபோது அந்த அம்மா உள்ளே வந்து என் துணிகளைத் தொட்டிருக்கிறார். கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். தனியாக வரும் பெண்கள் இங்கே தங்க வேண்டாம்."

சித்தி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "எனக்குப் பயந்தா நாற்காலி வச்சா?"

"பதில் எழுதலாம் சித்தி."

"என்னன்னு? திருட வரல, மடிக்கத்தான் வந்தேன்னா? கேக்கறவங்க சிரிப்பாங்க."

அதன்பிறகு ஒருவரும் வரவில்லை. மாடிப்படியில் தூசி படிந்தது. கடைசியில் அண்ணன் அறையைப் பார்த்துக்கொள்ள ஒரு கம்பெனியைப் பிடித்தார்.

"வாசல்ல நம்பர் பூட்டு போட்டுடுவாங்கம்மா. அவங்களே திறந்துப்பாங்க. நீங்க கண்ணுல படக்கூடாது, அவ்வளவுதான்."

"என் வீட்டுல நானே ஒளிஞ்சுக்கணுமாடா?"

"இல்லைன்னா ஒருத்தரும் வர மாட்டாங்கம்மா."

சித்தி தூசி படிந்த மாடிப்படியைப் பார்த்தார். பிறகு, "சரி, வரட்டும்," என்றார்.

இப்போது மாடி அறை காலியாகவே இருப்பதில்லை. சித்தி பின்கட்டுச் சமையலறையில் இருக்கிறார். டிவியில் படம் மட்டும் ஓடுகிறது, சத்தம் கிடையாது. நேற்று போயிருந்தபோது புதிதாக வந்திருந்த கருத்தை வாசித்துக் காட்டினேன்.

"'வீட்டில் யாருமே இல்லை. தொந்தரவே கிடையாது. சொந்த வீடு மாதிரி இருந்தது.'"

"பிடிச்சிருக்கு, இல்ல?" என்றார் சித்தி.

நான் பதில் சொல்வதற்குள் படியில் யாரோ இறங்கி வரும் சத்தம் கேட்டது. சித்தி அவசரமாகக் குழாயை மூடினார். உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்தபடி, அந்தக் காலடி வாசலைத் தாண்டும்வரை அசையாமல் நின்றார்.