ஜப்பான் கணபதியின் கல்வெட்டு

1997 ஆவணியில், இடம்பெயர்ந்திருந்த ஸ்கந்தபுரத்தில் கணபதி கண்ணை மூடினார். முப்பத்தோராம் நாளுக்கு, இறந்தவரின் வரலாற்றை வெண்பாவில் சொல்லும் கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்கத் தாள் கிடைக்குமா என்பது வீட்டாரின் கவலை. அதில் என்ன அச்சாகப் போகிறது என்பது மகள் சிவனேஸ்வரியின் கவலை. ஏனென்றால் அவரை எல்லோரும் ‘ஜப்பான் கணபதி’ என்றுதான் அழைப்பார்கள். திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும், யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக் காட்டுக்குள் ஓடி ஒளித்தவர் என்பது கதை.

கல்வெட்டுப் பாடும் சிவராசா மாஸ்ரர் வந்து கதிரையில் இருந்ததும், சிவனேஸ்வரியின் அண்ணன் பெண்சாதி ஞானேஸ்வரி தொடங்கிவிட்டாள்.

“மாஸ்ரர், மாமா குண்டுக்குப் பயந்து வந்தவர் எண்டதை மறந்திடாதேங்கோ. சரித்திரமெல்லோ!”

“மச்சாள், போன வருசம் கிளிநொச்சியிலை ஷெல் விழேக்கை நீங்கள் அடுப்பிலை சோத்தை விட்டிட்டு ஓடினனீங்கள். அதையும் போடச் சொல்லட்டே?” என்றாள் சிவனேஸ்வரி. “சரி, குண்டு விழுந்தது நாப்பத்திரண்டு சித்திரை வருசப்பிறப்புக்குக் கிட்ட. அண்ணை எப்ப பிறந்தவர்?”

புருஷனின் சாதகம் ஞானேஸ்வரிக்குத் தலைகீழ்ப் பாடம். “விசு வருசம், தைப்பூசத்துக்கு அடுத்த நாள்.”

“எங்கை?”

“இரணைமடுப் பக்கம், மாமா போட்ட கொட்டிலிலை…” சொன்னவளின் வாய் பாதியில் நின்றது.

மாஸ்ரர் விரல் மடக்கிப் பார்த்தார். விசு வருடத் தை என்றால் குண்டுக்கு முந்திய தை. அதற்குள் கணபதி காடு வெட்டி, கொட்டில் போட்டு, தகப்பனாகவும் ஆகியிருக்கிறார்.

“அப்ப ஏன் வந்தவர்?” என்று மாஸ்ரர் கேட்டதுதான் வினை.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கணபதியின் தங்கை நாகேஸ்வரி சுளகை இறக்கி வைத்தாள்.

“நான் சொல்லுறன். நாப்பதாம் ஆண்டு எங்கட ஊர்த் தேரின்ரை சில்லு ஓடாமல் தடுக்கக் கட்டை போட்டது அண்ணன். மேற்கு வீதிப் பள்ளத்திலை தேர் பிச்சுக்கொண்டு ஓடிச்சுது. மற்றக் கட்டைக்காரர் எறிஞ்சுபோட்டு ஓட, இந்த விசரன் மட்டும் கட்டையை விடாமல் தேரோடையே இழுபட்டான். ஊர் அதிகாரி உடையாற்றை மதிலை உடைச்சுக் குசினிக்குள்ளைதான் தேர் நிண்டது. சாமிக்கு முன்னாலை உடையார் பெண்சாதி அகப்பையோடை! அதுக்குப் பிறகு சந்தைக்குப் போனாலும், ‘கணபதி, உடையார் வீட்டிலை இண்டைக்கு என்ன கறி?’ எண்டு கேட்பினம். வெக்கம் தாங்காமல் வன்னிக்கு வெளிக்கிட்டான். பிறகு குண்டு விழ, ‘இதுக்குத்தான் முதலே வந்தனான்’ எண்டு சொன்னதும் அவன்தான்!”

ஞானேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

“பிள்ளை, ஜப்பானையே போடுவமோ? கொஞ்சம் மரியாதையாய் இருக்கும்,” என்றார் மாஸ்ரர்.

சிவனேஸ்வரி மாஸ்ரரின் கதிரைக்குக் கிட்ட வந்தாள்.

“எல்லாரும் ஓட, ஐயா கட்டையை விடேல்லை. பயந்தவர் எண்டு இனி ஒருத்தரும் சொல்லேலாது. குசினியைப் போடுங்கோ.”

“குசினி வெண்பாவுக்குள்ளை வராது, பிள்ளை.”

“தேரே வந்ததெல்லோ, மாஸ்ரர். வெண்பாவைக் கொஞ்சம் இடிச்சு விடுங்கோ.”

முப்பத்தோராம் நாள் மாஸ்ரர் கல்வெட்டை இராகத்தோடு படித்தார். உடையாரின் மதில் உடைந்த அடி வந்ததும், சிரிக்கலாமா கூடாதா என்று சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. முதலில் சிரித்தவள் சிவனேஸ்வரி.