ஒன்பது வருஷம் மலை ஏறியவர்

என் வீட்டுக்காரர் மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கினார். ஆனால் பேச்சைக் கேட்டால் காட்டிலேயே பிறந்தவர் மாதிரி இருக்கும். சபரிமலைக்குப் பெரிய பாதையில் ஒன்பது வருஷம் நடந்தவராம். அந்தப் பாதையில் முன்னால் ஆயிரம் பேர், பின்னால் ஆயிரம் பேர், வளைவுக்கு வளைவு பாலில்லாத கட்டன்சாயா விற்கிற கடை. கால் தடுக்கினால் விழக்கூட இடம் கிடையாது, அடுத்த சாமி மேல்தான் சாய வேண்டும். அதைத்தான் இவர் காடு என்று நினைத்திருந்தார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி. கிடங்கில் இவரோடு வேலை பார்த்த ஒருவர், கோதமங்கலம் தாண்டிக் காட்டோரத்தில் வீடு கட்டிக் கப்பைக்கிழங்கு நட்டிருந்தார். பார்த்து வரலாம் என்று நானும் இவரும் என் கொழுந்தனும் புறப்பட்டோம். பஸ் ஒரு முக்கில் இறக்கிவிட்டது. சுற்றிப் போகிற அடுத்த பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்.

"அதுக்குள்ள குறுக்கால விழுந்தா ஒரு மணிக்கூர்ல அவன் வீட்டு முற்றத்துல நிப்போம்" என்றார்.

"வழி தெரியுமா?"

"ஒன்பது வருஷம் மலை ஏறினவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

"அது வேற மலை இல்லையா?"

"எல்லாக் காடும் ஒரே காடுதான்டி."

சாயாக் கடைக்காரர், "சேட்டா, வழி தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டுப் போங்க. குடிக்க வெள்ளமாவது எடுத்துக்குங்க" என்றார். இவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கடை பெஞ்சே ஆடியது.

எங்கள் கையில் இருந்தது உணக்கமீன் என்கிற கருவாடு ஒரு பொட்டலம், காகிதத்தில் சுற்றிய அல்வா, இவருடைய டிரான்சிஸ்டர். தண்ணீர் இல்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு. மட்டாஞ்சேரியில் சுற்றிலும் உப்புக் காயல், குடிக்க ஒரு மடக்கு கிடையாது. தெருக்குழாயடியில் தினமும் சண்டை போட்டுக் குடம் சுமக்கிறவள் நான். ஒரு நாளாவது கையை வீசி நடப்போமே என்று ஆசை. ஆற்றுக்கே தண்ணீர் அனுப்புகிற மலையில் நமக்கில்லாமலா போகும் என்று தலையாட்டிவிட்டேன். பங்குனியில் மலைக்கும் குழாய் நின்றுபோகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் பிரிவில் இவர் இடது பக்கம் கை காட்டினார். "ஆள் நடமாட்டம் தெரியுது பார்." நடமாடியது யார் என்று பத்தடியில் தெரிந்தது. குவியல் குவியலாக யானை லத்தி.

"பழசு. போன வாரத்தது" என்றார்.

"போன வாரத்துலேர்ந்து ஆவி பறக்குதா அண்ணே?" என்றான் கொழுந்தன்.

அடுத்த பிரிவில் வலது. அதற்கடுத்ததில் யோசனை. ஒரு ஓடை வந்தது. கல் மட்டும் இருந்தது, தண்ணீர் ஊருக்குப் போயிருந்தது. பசிக்கு அல்வாவைத் தின்றோம். அந்த இனிப்பு தொண்டையில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. உச்சி வெயிலில் இன்னொரு ஓடை வந்தது. ஒரு கல் மேல் எங்கள் அல்வாக் காகிதம் கிடந்தது.

இவர் அதைப் பார்த்தார். "காகிதம் காத்துல பறந்து வந்திருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு கை காட்டுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயம். ரெண்டு மூட்டையை ஒரே தடவையில் தூக்குகிற மனிதர் ஒரு மரத்தைப் பிடித்தார், அப்படியே சரிந்தார். தொட்டுப் பார்த்தேன். உடம்பு அடுப்பு மாதிரி. வேர்வை ஒரு துளி இல்லை. "சாமி, சாயா ஒண்ணு" என்று யாரிடமோ கேட்டார். பெரிய பாதையில் நடப்பதாக நினைப்பு.

"அண்ணி, நான் ஓடிப் போய் ஆளைக் கூட்டிட்டு வரேன்."

"எந்தப் பக்கம் ஓடுவே? நீயும் தொலைஞ்சா ரெண்டு பேரை நான் தேடணும். உக்காரு."

நிழலுக்கு இழுத்துப் போட்டு, சட்டையைக் கழற்றி, முந்தானையால் விசிறினேன். கூப்பிடலாம் என்றால் ரெண்டு பேர் தொண்டையிலும் எச்சில் இல்லை. அப்போதுதான் டிரான்சிஸ்டர் கண்ணில் பட்டது. முழுசாகத் திருகினேன். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, கொரகொரவென்று இரைச்சல்தான். அதைப் பாறை மேல் வைத்துக் கத்தவிட்டோம். இவர் மூச்சு மேலே மேலே ஏறியது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிழல் நீள ஆரம்பித்தபோது ரேடியோ இரைச்சல் கேட்டு விறகுக்கட்டோடு ஒருத்தி புதரை விலக்கி வந்தாள். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஒரு மணி நேரம் விறகு பொறுக்க வருகிறவள் தண்ணீரோடு வருகிறாள்.

இவர் தலையை நனைத்துவிட்டு, வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். இவர் டப்பாவைப் பிடுங்கப் பார்த்ததும் கையில் ஓர் அடி. "மெல்லெ, மெல்லெ!" பிறகு என்னிடம், "இனியும் ஆளுண்டோ அகத்து?" என்று கேட்டாள். உள்ளே இன்னும் இதுமாதிரி ஆட்கள் இருக்கிறார்களா என்று.

"இல்ல சேச்சி. இப்படி ஒண்ணுதான் இருக்கு."

வெகுநேரம் கழித்து இவர் கண் திறந்தார். என்னைப் பார்த்தார். மூச்சு சரியாகத்தான் வந்தது. நான் மறுபக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினேன். மெல்ல எழுந்து நின்றவர், கையை நீட்டி, "அப்ப இந்தப் பக்கமாப் போவோம்" என்றார்.

அவள் விறகுக்கட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள். கொழுந்தன் அவள் பின்னால், நான் அவன் பின்னால். திரும்பிப் பார்த்தேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அவரும் வந்தார்.