ரூபி வாராவாரம் கேட்ட கேள்வி

போன வருடம் தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது என் தங்கை எஸ்தரையும் மாப்பிள்ளை தங்கராஜையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பெற்ற பிள்ளையை அடித்துக் கொடுமை செய்கிறார்கள் என்று புகார். சொன்னது வேறு யாருமில்லை. அவர்கள் மகள் ரூபிதான். ஏழாம் வகுப்புப் படிக்கிறவள். ஒரே பிள்ளை.

சபையில் சாட்சி சொல்ல எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதித் தருகிறேன். என் மடத்தனத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எஸ்தர் குடும்பம் தாயில்பட்டியில் இருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும். நான் சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் இருக்கிறேன்.

ரூபியின் முழங்கையிலும் முழங்காலிலும் காயத்தைப் பார்த்த டீச்சர் என்னவென்று கேட்டிருக்கிறார். "அம்மாவும் அப்பாவும் அடிக்கிறாக" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் மேல் தப்பில்லை. பிள்ளை அப்படிச் சொன்னால் மேலிடத்துக்குத் தெரிவிக்கத்தான் வேண்டும். குழந்தைகள் நலக் குழுவில் விசாரித்து, அவளை விருதுநகரில் ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். விசாரணை முடியும்வரை பெற்றவர்கள் பார்க்கக் கூடாது. தாய்மாமன் என்று என்னை மட்டும் வாரம் ஒருமுறை விட்டார்கள்.

மாப்பிள்ளை சத்தமாகத் தும்மக்கூடக் கூச்சப்படுகிற ஆள். எஸ்தர் கோபம் வந்தால் தானே சாப்பிடாமல் கிடப்பாளே தவிர யார்மேலும் கை வைக்க மாட்டாள். ஆனாலும் தெருவே பேசும்போது நமக்கும் புத்தி தடுமாறுகிறது. ஒருநாள் நானே கேட்டுவிட்டேன், "மாப்ள, எப்பவாச்சும் கை நீட்டுனீகளா?" என்று. அவர் வாசலில் கிடந்த ரூபியின் செருப்பை எடுத்துத் தூசி தட்டி உள்ளே வைத்தார். அன்றைக்கு நான் பட்ட வெட்கம் எனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

கம்பெனியிலும் "கேஸ் முடியட்டும், பெறகு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரும் வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் போனால் மூன்றாவது மூலையில் உட்காருவேன்.

சனிக்கிழமைதோறும் விருதுநகர் போவேன். எஸ்தரும் கூட வருவாள். கேட்டுக்கு வெளியே நின்றுகொள்வாள். "தலையில எண்ணெய் வச்சிருக்காளான்னு மட்டும் பாத்துட்டு வாங்கண்ணே" என்பாள். உள்ளே போனால் ரூபி என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"மாமா, அம்மா கம்பெனிக்குப் போறாகளா?"

"இல்ல தாயி."

"அப்பா?"

"அவுகளும் போகல."

அவள் முகம் அப்படியே தெளியும். பெற்றவள் வெளியே வெயிலில் நிற்கிறாள், பிழைப்புப் போனதைக் கேட்டு இவளுக்குச் சந்தோஷமா? கோபத்தில் கொண்டுபோன பிஸ்கட்டைக்கூடக் கொடுக்காமல் ஒருமுறை எழுந்து வந்துவிட்டேன். நான் முன்கோபி, உங்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, பொய்யை வெளியே கொண்டாரும், கம்பெனியில வேலையத் திரும்பக் கொடும்" என்று இரண்டே விண்ணப்பம். ஏழு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் வாரம் முழங்கால்போட்டபோது வார்த்தையே வரவில்லை. "எனக்குக் கேக்கத் தெரியல. பிள்ளைய நீரே பாத்துக்கும்" என்று அழுதுவிட்டு எழுந்தேன்.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. சீசன் நெருக்கடி, லோடு ஏற்ற வேண்டியது கிடக்கிறது, திங்கட்கிழமை முதல் இரண்டு பேரும் வரலாம் என்றார்கள். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே சனிக்கிழமை இல்லத்துக்குப் போனேன். ரூபி வழக்கம்போலக் கேட்டாள்.

"திங்கக்கெழமையிலருந்து போறாக தாயி" என்றேன், நல்ல செய்தி சொல்கிற மாதிரி.

பிள்ளை அலறிவிட்டாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் மாமா! போகச் சொல்லாதீக! நான் இன்னும் அம்புட்டு அடிச்சாகன்னு சொல்றேன். போலீசு விடாதுல்ல? சுகந்தி அம்மா மாதிரி ஆயிருவாக மாமா!" என்று கத்தினாள்.

சுகந்தி அவளோடு படிக்கிறவள். அந்தக் கோடையில்தான் பக்கத்து ஊர்க் கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்போது ரூபி பல நாள் எஸ்தரின் சேலையைப் பிடித்து வேனில் ஏறவிடாமல் அழுதாள். "ஜெபம் பண்ணிட்டு ஸ்கூலுக்குப் போ, ஒண்ணும் ஆகாது" என்று அவளை அதட்டியது நான்தான். அவள் அழுகை நின்றதும் சரியாகிவிட்டாள் என்று நினைத்தோம். ஒருநாள் வேன் கிளம்பியபின் யாருக்கும் தெரியாமல் பின்னாலேயே ஓடி விழுந்திருக்கிறாள். அந்தக் காயத்தைத்தான் டீச்சர் பார்த்தது. பெற்றவர்கள் அடித்ததாகச் சொன்னால் போலீஸ் அவர்களை எங்கேயும் போகவிடாது என்று அந்தச் சின்னப் புத்திக்குத் தோன்றியிருக்கிறது.

நான் அழுதுகொண்டே இல்லத்தை நடத்துகிற அம்மாவிடம் ஓடினேன். அங்கே பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிறவர் ரூபியோடு பலமுறை பேசினார். குழுவினர் அக்கம்பக்கத்திலும் விசாரித்தார்கள். இன்னும் ஒரு மாதத்தில் கேஸ் முடிந்தது. பெற்றவர்களிடம் அவளை ஒப்படைத்த அன்று எஸ்தர் மகளைக் கேட்டிலேயே உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தாள்.

எஸ்தர் இப்போது நான் இருக்கிற பிரஸ்ஸிலேயே காலண்டரின் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கிறாள். மாப்பிள்ளைக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. இன்னும் கம்பெனிக்குத்தான் போகிறார். ஜெபிக்கிறேன். அவ்வளவுதான் முடிகிறது.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. பிள்ளைகள் அழுதால் இப்போது நான் அதட்டுவதில்லை. என்னவென்று கேட்டுவிட்டு, அவர்களோடு சேர்ந்து ஜெபிக்கிறேன். நீங்களும் செய்து பாருங்கள். வார்த்தை வராவிட்டாலும் ஆண்டவர் முன்னால் போய் நில்லுங்கள். நான் கேட்கத் தெரியாமல் நின்றபோதுதான் பிள்ளையின் பயத்தை அவர் எனக்குக் காட்டினார்.

பிரஸ் லீவு விடுகிற நாளில் தாயில்பட்டிக்குப் போய்விடுவேன். சாயங்காலம் ரூபி என் விரலைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பாள். ஒன்றும் ஆகாது என்று நான் இப்போது சொல்வதில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. வேன் வந்து அவள் அப்பா இறங்கிய பிறகுதான் என் விரலை விடுவாள்.