பங்களாத் தொட்டியும் அஞ்சலையின் எலுமிச்சையும்

‘மண்ணோடு வரும் செடிகளைச் சோதிக்காமல் எஸ்டேட்டுக்குள் இறக்கக் கூடாது.’ எங்கள் தேயிலை எஸ்டேட்டின் நிலையாணை இது. தொழிலாளிக்கு மட்டும் என்று அதில் இல்லை. எனக்குத் தெரியும் — ஆபீஸில் பெரிய கிராணியாக, தலைமை எழுத்தராக இருந்தபோது அதைத் தட்டச்சு செய்தவனே நான்.

சில மாதங்களுக்கு முன், மலையடிவார நர்சரியிலிருந்து மேனேஜர் துரையின் பங்களாவுக்கு ஒரு லோரி நிறையப் பூந்தொட்டிகள் வந்தன. யார் சோதித்தார்கள்? துரையம்மாவின் தொட்டியில் கைவிட யாருக்குத் துணிச்சல்? செடிகளை வேறு தொட்டிக்கு மாற்றியபோது மிஞ்சிய மண்ணை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கொட்டினார்கள்.

அந்த மண்ணில் வந்து இறங்கியது ஒரு மஞ்சள் எறும்பு. நீண்ட கால்கள், திசையே இல்லாத ஓட்டம். இந்த மலையில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வந்த வேகத்தில் நம்மூர்க் கறுப்பு எறும்பைத் துரத்திவிட்டு, பக்கத்திலிருந்த அஞ்சலையின் எலுமிச்சை மரத்தில் ஏறியது.

அஞ்சலை கொழுந்து பறிப்பவள். அந்தப் பழங்களைத் தானா ராத்தா டவுன் சாப்பாட்டுக் கடைகளில் விற்றுத்தான் மகளின் ஸ்கூல் பஸ்ஸுக்குக் கட்டுகிறாள்.

இந்த எறும்பு இலையைத் தின்பதில்லை. சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகளுக்குக் காவல் நிற்கும். அவை கழிக்கும் இனிப்பு நீரைக் குடிக்கும். பூச்சிகளைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டும். பூச்சி பெருகும், சிந்திய இனிப்பில் கரும்பூசணம் படரும், மரம் இளைக்கும்...

வைத்தியம் எளிது. அடிமரத்தில் துணி சுற்றி கிரீஸ் தடவி, சுவரைத் தொடும் கிளைகளைக் கழித்தால் எறும்புக்கு வழியில்லை. மிச்சத்தைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். ஆபீஸில் சொன்னேன். மரத்தை வெட்ட ஆர்டர் போட்டார்கள்.

தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். மேனேஜர் மீதான புகார் மேனேஜர் வழியாகத்தான் போக வேண்டும் — அதுவும் விதி. என் கடிதம் அவர் மேசையில் எவ்வளவு காலம் தூங்கியதோ?

போன வெள்ளிக்கிழமை கங்காணி முனியன் கோடரியோடு வந்தான். நானும் அங்கிருந்தேன்.

“அக்கா, ஆபீஸ் ஆர்டர்லா. என்னைத் திட்டாதீங்க.”

“உன்னை ஏன் திட்டுறேன்? பங்களாத் தொட்டியில வந்த எறும்புக்கு என் மரம் என்னடா செஞ்சுச்சு?” என்றாள் அஞ்சலை.

“அதைத் துரைகிட்ட கேளுங்க.”

“கேக்குறேன். நீ முதல்ல அந்தத் தொட்டிய உடைச்சிட்டு வா. அப்புறம் இதை வெட்டு.”

“எனக்கு இந்த வேலை வேணும்லா, அக்கா.” என் பக்கம் திரும்பினான். “ஐயா, உங்க லெட்டருக்குப் பதில் வந்துச்சா?”

வரவில்லை. வெட்டினான்.

மரத்தோடு எறும்பும் செத்ததா? அடுத்த தேயிலை வரிசைக்குக் குடிபோயிருக்கிறது. பங்களா வாசலில் தொட்டிகள் பூத்துக் குலுங்குகின்றன. அஞ்சலையின் மகளை இந்த வாரம் பஸ்ஸில் காணோம்.

விதி எல்லாருக்கும் ஒன்றுதான். கோடரிக்கு மட்டும் லயத்துக்குப் போகும் பாதைதான் தெரியும்.

‘விசாரணை முடியும்வரை மரத்தை வெட்ட வேண்டாம்’ என்ற தலைமை அலுவலகத்தின் பதில் என் கைக்குக் கிடைத்தது — நேற்று, புதன்கிழமை.