பேரை எடுக்காமல் பிளேட் இல்லை

தேனியில் ஒரு பிரஸ்ஸில் இருபத்தாறு வருடமாக டிடிபி வேலை பார்க்கிறேன். முதலாளியிடம் ஒரே ஒரு தடவைதான் முடியாது என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒரு கவிதைப் புத்தகத்துக்காக.

எழுதியவர் போடியில் டியூஷன் சென்டர் நடத்தும் முருகேசன். காதலித்த பெண் வேறொருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்ட சோகம், எண்பது பக்கம். எங்கள் பிரஸ்ஸில் புரூஃபை ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் கையெழுத்துப் பிரதியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நான் வாசித்தேன். ஒத்துப் பார்த்த மெஷின்மேன் செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம கதைய அப்படியே எழுதிருக்காருக்கா."

பைண்டிங்கில் தாள் மடிக்கும் பேச்சியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே செல்வம், அந்தப் புள்ள பேரு, ஊரு, அப்பன் பேரு எல்லாம்ல இருக்கு. அவ புருசன் வீட்டுல படிச்சா என்னாகும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கவிதையில் வந்த அந்தப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையை செட் பண்ணியதே நான்தான். அதற்கு முந்தின மாதம் அவள் குழந்தையின் காதுகுத்துப் பத்திரிகையும் என் கம்ப்யூட்டரில்தான் அடித்தது.

அச்சுத் தகடான பிளேட்டுக்கு அனுப்பும் முன் முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"கஸ்டமர் எழுதுனத அடிக்கிறதுதான் நம்ம வேல. வீரபாண்டித் திருவிழாவுக்கு முந்தி வேணும்னு சொல்லிட்டுப் போயிருக்காக. பிளேட்டுக்கு அனுப்பு."

"பேரை எடுக்காம அனுப்ப மாட்டேன் அண்ணாச்சி."

"அப்ப வேற ஆள் பாக்கவா?"

"பாருங்க."

சொன்ன சொல்லை நான் மாற்றவில்லை.

முதலாளி தகவல் சொல்ல, மறுநாள் முருகேசனே கோபமாக வந்தார். "உண்மைய மறைச்சா அது கவிதையாக்கா? நான் பட்ட வலி ஊருக்குத் தெரியட்டும்."

"ஒங்க வலி தெரியட்டும் தம்பி. அவ வீடு எதுக்குத் தெரியணும்? இங்கன தாள் மடிக்கிற பொம்பளைக முன்னால நீங்களே ஒருவாட்டி வாசிங்க."

கம்பீரமாகத்தான் ஆரம்பித்தார். பேர் வந்த இடத்தில் பேச்சியம்மா குறுக்கிட்டாள். "அவ இப்ப கைப்புள்ளக்காரி. தெரியுமா தம்பி?"

தெரிந்திருக்கவில்லை. வாசித்த தாளைக் கீழே வைத்தார்.

"ஆணா, பொண்ணாக்கா?"

"பொண்ணு."

பேனா கேட்டு வாங்கினார். பேரையும் ஊரையும் ஒவ்வொரு இடமாக அவரே கோடு போட்டு நீக்கினார். பேர் போனதும் மூன்று கவிதைகள் நிற்கவில்லை. அவற்றையும் எடுத்துவிட்டார். அதன் பிறகுதான் பிளேட்டுக்கு அனுப்பினேன்.

புரூஃப் வாசித்த அன்றைக்கு எங்கள் பிரஸ்ஸில் செல்வம் எழுதியவருக்காக அழுதார். பெண்கள் நாங்கள் எழுதப்பட்டவளுக்காகப் பயந்தோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். காதல் தோல்விக் கவிதை வந்தால் கேலி செய்யாதீர்கள். எழுதியவர் அழுதுகொண்டேதான் எழுதியிருப்பார். ஆனால் அதில் ஒரு பெண்ணின் பேரும் ஊரும் இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். நமக்கு இந்த பிரஸ் இல்லையென்றால் இன்னொரு பிரஸ். அவளுக்குப் போக இன்னொரு வீடு கிடையாது.