கழுத்தில் தேன்பிசின்

இன்று காலை வரிசையில் நின்ற ஒரு மாணவியின் கழுத்தைப் பார்க்கக் குனிந்தபோது, தேங்காயெண்ணெயில் காய்ச்சிய தேன்பிசினின் புளித்த மணம் என்னை ஜப்பான்காரன் மலாய் நாட்டை ஆண்ட காலத்தில் நான் வளர்ந்த காஜா பெராங் ஊருக்குக் கொண்டுபோனது.

மருந்து கிடைக்காத அந்நாளில் என் கழுத்தில் படர்தாமரை வந்திருந்தது. அது பரவினால் பள்ளியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கப் போனவள் நான். பக்கத்து வீட்டில் இருந்த, தமிழ் வம்சமானாலும் மலாய் மட்டுமே பேசும் செட்டி அக்கா, தன் சமையலறைத் தூணின் பொந்தில் நாளெல்லாம் ரீங்கரிக்கும் கொட்டாத சிறு தேனீக்களின் பிசினைச் சுரண்டிக் காய்ச்சி, மாலைதோறும் இளஞ்சூட்டில் பூசிவிடுவார். பழுப்புக் கறை தெரியுமே என்று காலையில் சாம்பலால் தேய்த்துக் கழுவிவிடுவேன், படை பெரிதானது.

ஒருநாள் அக்கா கண்டுபிடித்துவிட்டார். “உனக்கு வெட்கம், அடெக். படைக்கு ஏது வெட்கம்?” என்று, என்னைத் தங்கையென மலாயில் அழைத்துச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு நான் கழுவவில்லை. ஆசிரியர் கறையை முகர்ந்து பார்த்து, மருந்து என்று அறிந்து, வீட்டுக்கு அனுப்பாமல், மற்றவர்களுக்குத் தொற்றாதபடி என்னைக் கடைசிப் பலகையில் தனியாக உட்காரவைத்தார். வட்டம் மங்கி மறையும்வரை அங்கிருந்தே எழுதப் படித்தேன்.

இன்றைய மாணவி கழுத்தைக் கையால் மூடிக்கொண்டாள். “கழுவிட்டு வந்துடட்டுமா டீச்சர்?”

“வேணாம்மா. அப்படியே இருக்கட்டும். கடைசிப் பலகையில போய் உட்காரு.”