சி ஹை லெவல் இல்லை என்று நான் சொன்ன நாள்

செங்கம் சாலையில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சி மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அச்சில் வந்த எதையும் சந்தேகப்படத் தெரியாமலே வளர்ந்தவன். ‘சி ஒரு மிடில் லெவல் மொழி’ என்று கைடில் போட்டிருந்தது. நோட்ஸிலும் அதையே எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாவது பேட்ச்சில் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலை இருந்தது. எங்கள் சென்டர் சான்றிதழோடு வந்தால் அவளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவள்தான் ஒருநாள் கேட்டாள்:

“லோவும் இல்ல, ஹையும் இல்லன்னா, நடுவுல யாரு சார் கோடு போட்டது?”

எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் தேடித் தேடிப் படித்தேன். மெஷினின் மொழியில் இரண்டு எண்களைக் கூட்ட வேண்டுமானால் எதை எங்கே வைப்பது, எங்கிருந்து எடுப்பது என்று எல்லாவற்றையும் நாமே சொல்ல வேண்டும்; அது லோ லெவல். சியில் ‘ஏ கூட்டல் பி’ என்று எழுதினால் போதும், அதை மெஷின் மொழிக்கு மாற்றுகிற கம்பைலர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அப்படியென்றால் அது ஹை லெவல்தான். மெமரியில் ஓர் எண் இருக்கும் இடத்தையே தொட விடுகிறது என்பதால் சிலருக்கு லோவாகத் தெரிகிறது. இரண்டு பக்கத்துக்கும் பொல்லாப்பு வேண்டாம் என்று கைடுக்காரர்கள் பிடித்துக்கொண்ட வார்த்தை மிடில். இப்படித்தான் வகுப்பில் சொன்னேன். ஒரு புத்தகத்தை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த மிதப்பில், பரீட்சையில் மட்டும் மிடில் என்றே சொல்லுங்கள் என்று எச்சரிக்க மறந்துபோனேன்.

வாய்மொழித் தேர்வான வைவா எடுக்க வெளியூரிலிருந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்திருந்தார். அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் சேர்வதற்குள் பஸ் ஏற வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

“சி என்னா லெவல்மா?”

“ஹை லெவல் சார்.”

“கைடு படிக்கலியா?”

“படிச்சேன் சார். ஆனா எதை எங்க வைக்கணும்னு நம்ம சொல்றதில்லியே. கம்பைலர்தானே பாத்துக்குது?”

“கேள்வி கேக்க நான் வந்தனா, நீ வந்தியா?”

“எங்க சார்தான் சொல்லிக்குடுத்தாரு.”

அவர் பேனாவை மூடாமலே என் பக்கம் திரும்பினார். “அப்படியா சார்?”

கையில் ஃபைலோடு உட்கார்ந்திருப்பவர் முன்னால் எங்கள் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

“இல்லிங்க சார். மிடில்னுதான் சொல்லியிருக்கேன். நோட்ஸ்லயே இருக்கு.”

நோட்ஸில் இருந்தது உண்மைதான். அவர் ஃபெயில் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

படிக்கட்டில் எனக்காக நின்றிருந்தாள்.

“நீங்க சொன்னதுல எது சார் தப்பு? சொல்லுங்க, திருத்திக்கிறேன்.”

“எதுவும் தப்பு இல்லம்மா.”

“அப்ப அவருகிட்ட ஏன் சார் அப்படி சொன்னீங்க?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளே இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள், நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன், அந்தப் பெண் மேல் தவறில்லை என்று எக்ஸ்டர்னலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். சென்டர் முதலாளி வாங்கிப் படித்தார்.

“என்னா சார், விளையாடுறீங்களா? இத்த அனுப்புனா அவருக்குக் கோவம் வந்து அடுத்த பேட்ச் மொத்தமும் அவுட்டு. ஒரு பொண்ணுக்காக இருபது பேரைக் கவுக்கப் போறீங்களா?”

இருபது பேர் என்றது எனக்கு வசதியாக இருந்தது. கடிதத்தை அனுப்பவில்லை.

அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்துத்தான். அதற்குள் வேங்கிக்கால் வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பரீட்சைக்கு அவள் வந்தாள். அதே எக்ஸ்டர்னல், அதே கேள்வி. நான் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

“மிடில் லெவல் சார்.”

“ஏன்?”

“நோட்ஸ்ல அப்படித்தான் சார் இருக்கு.”

“வெரி குட்” என்று பாஸ் போட்டார்.